பத்துக் கட்டங்களில் ஒரு பிள்ளை

அமெரிக்காவில் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் நிரப்புவது ‘காமன் ஆப்’ என்ற பொதுப் படிவத்தைத்தான். பாடம் தவிர வேறு என்னென்ன செய்தாய் என்று சொல்ல அதில் பத்துக் கட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் விவரம் எழுத 150 எழுத்துக்குத்தான் இடம். நடுவில் விடும் இடைவெளியும் கணக்கில் சேரும். ஆறு வயதில் சலங்கை கட்டி, அரங்கேற்றம் வரை வந்த பரதம் அந்த 150-க்குள் அடங்கியாக வேண்டும். அது முடிந்ததும், நீ யார் என்று 650 சொல்லுக்கு மிகாமல் ஒரு கட்டுரை.

நான் கும்பகோணம் பக்கம் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குப் பழக்கப்பட்ட சேர்க்கை வேறு. கணக்கை 100-க்கும், இயற்பியலையும் வேதியியலையும் தலா 50-க்கும் மாற்றிக் கூட்டினால் 200-க்குக் கட்-ஆஃப் வந்துவிடும். அரை மார்க்கில் கிண்டி பொறியியல் கல்லூரியைத் தவறவிட்ட பையன்கள் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். ஆனால் எதற்கு அழுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியும்: அந்த ஒரு கணக்கில் மைனஸ் பிளஸ்ஸாகிவிட்டது, அவ்வளவுதான். ஐ.ஐ.டி. விஷயமும் அப்படித்தான். 2024-இல் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுதியவர்கள் சுமார் 1.8 லட்சம் பேர். இருந்த இடங்கள் 17,740. அந்தத் தேர்வு பிள்ளையின் இரண்டு மூன்று வருஷத்தைத் தின்றுவிடுகிறது. அதற்குப் பயிற்சி எடுக்க ராஜஸ்தானின் கோட்டா நகரத்துக்குப் போன சில பிள்ளைகளிடமிருந்து எல்லாவற்றையுமே பறித்துக்கொண்டது. அதைக் கொண்டாட எனக்கு மனம் வராது. ஆனாலும் நீ அன்பானவனா, துணிச்சல்காரனா, பழக இனிமையானவனா என்று அது யாரையும் கேட்டதில்லை.

நியூஜெர்சியில் தம்பி வீட்டுக்கு நான் போயிருந்தது ஒரு நவராத்திரி சமயம். அவன் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. முன்கூட்டியே முடிவு சொல்லும் விண்ணப்பத்துக்கு நவம்பர் 1 கடைசி நாள் என்பதால், ஒரு பக்கம் கொலு, மறுபக்கம் மடிக்கணினி என்று வீடு இரண்டுபட்டுக் கிடந்தது. மணிக்கு இவ்வளவு டாலர் என்று பேசி ஓர் ஆலோசகரை வைத்திருந்தார்கள். அவர் திரையில் தோன்றி முதலில் கேட்டது, “உன் வாழ்க்கையில் நீ பட்ட பெரிய கஷ்டம் எது?”

அன்று இரவு சுண்டல் கிண்ணத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “எனக்குக் கஷ்டமே வரலையே பெரியப்பா. நான் எதை எழுதறது?”

பதினேழு வயசுப் பிள்ளை, தனக்குக் கஷ்டம் வராததை ஒரு குறையாக எண்ணிக் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

பரதத்தையும் வயலினையும் பட்டியலில் கீழே தள்ளச் சொன்னார் ஆலோசகர். எல்லா இந்தியப் பெண்களிடமும் அது இருக்கிறதாம். வேறென்ன செய்வாய் என்று துருவியதில் ஒரு பழைய நோட்டு வெளியே வந்தது. குளிர்காலத்தில் அந்த ஊரில் தோசை மாவு லேசில் புளிக்காது. ஓவனைச் சூடாக்காமல் உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டு, பாத்திரத்தை அதற்குள் வைப்பார்கள். எத்தனை மணிக்கு வைத்தது, உள்ளே எவ்வளவு சூடு, உப்பு முன்னால் போட்டதா பின்னால் போட்டதா, கையால் கரைத்ததா கரண்டியாலா, எப்போது பொங்கியது என்று சில குளிர்காலமாகவே இவள் அந்த நோட்டில் குறித்து வந்திருக்கிறாள். யாரும் சொல்லிச் செய்ததில்லை. சில பக்கங்களில் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. நான் வகுப்பெடுத்த காலத்தில் இப்படியொரு நோட்டை எந்தப் பிள்ளையாவது காட்டியிருந்தால் ஊரெல்லாம் சொல்லியிருப்பேன்.

ஆலோசகருக்குப் புதையல் கிடைத்த மாதிரி. இதில் அறிவியல் இருக்கிறது, பண்பாடு இருக்கிறது, பாட்டியும் வரலாம் என்றார். பாட்டி வந்தாள். கட்டுரையின் இரண்டாவது பத்தியில், கும்பகோணத்தில் விடியற்காலை ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்து, மாவின் பதத்தைக் கையாலேயே அறிந்து சொல்கிறாள். எங்கள் அம்மா பல வருஷமாகத் தெருமுனைக் கடையில் பாக்கெட் மாவு வாங்குகிறவள். அதைச் சொல்லி அந்தக் கட்டுரையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. நன்றாகத்தான் எழுதியிருந்தாள்.

நோட்டில் அதற்குப் பிறகு எதுவும் ஏறவில்லை. கேட்டேன். “அது இப்ப எஸ்ஸே ஆயிடுச்சு பெரியப்பா. மாவு கரைச்சா யாரோ பாத்துக்கிட்டு இருக்கிற மாதிரி இருக்கு” என்றாள்.

பிள்ளையை மார்க்கை வைத்து மட்டும் எடை போடாமல் முழு மனுஷியாகப் பார்க்கிறோம் என்பது அந்தப் பல்கலைக்கழகங்கள் சொல்லிக்கொள்ளும் பெருமை. கேட்க நன்றாக இருக்கிறது. அது எப்படி வந்தது என்று படித்தபோது எனக்கு வாய் கசந்தது. நூறு வருஷத்துக்கு முன்பு ஹார்வர்டில் சேருவதற்கு முக்கியமாக வேண்டியிருந்தது நுழைவுத் தேர்வில் தேறுவதுதான். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் படித்துத் தேறி உள்ளே வர ஆரம்பித்தார்கள். 1920-களின் நடுவில் முதலாண்டு மாணவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் யூதர். அன்றைய தலைவர் ஏ. லாரன்ஸ் லோவல் இதற்கு வெளிப்படையாகவே ஒரு வரம்பு கட்டப் பார்த்தார். ஆசிரியர்கள் எதிர்த்தார்கள். பின்வாசல் வழியாக வந்ததுதான் குணநலன், ஆளுமை, தலைமைப் பண்பு எல்லாம். 1922-இலேயே படிவத்தில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரைக் கேட்டார்கள். பிறந்த பிறகு உன் பெயரையோ உன் அப்பா பெயரையோ மாற்றிக்கொண்டதுண்டா என்றும் கேட்டார்கள். பிறகு புகைப்படமும் ஒட்டச் சொன்னார்கள். சமூகவியலாளர் ஜெரோம் கராபெல் 2005-இல் இதைப் பற்றி ஒரு தடித்த நூலே எழுதியிருக்கிறார். குணம் பார்க்கிறோம் என்று சொல்லிப் படிவம் தேடியது குலத்தை. நமக்கு இதைப் புரிந்துகொள்ள விளக்கவுரை தேவையில்லை.

காலம் மாறிவிட்டது. பிறகு அதே அளவுகோல்தான் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கும் கதவு திறக்கவும் உதவியது. அதை மறைப்பது நியாயமாகாது. ஆனால் ஹார்வர்ட் மீது போடப்பட்டு 2018-இல் போஸ்டனில் விசாரணைக்கு வந்த வழக்கில், ஆசிய அமெரிக்கப் பிள்ளைகளுக்குப் படிப்பில் அதிக மதிப்பீடும் ‘ஆளுமை’யில் சராசரியாகக் குறைந்த மதிப்பீடும் விழுந்திருந்தது அம்பலமானது. கீழ் நீதிமன்றம் 2019-இல் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றது. 2023-இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பி, சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதையே நிறுத்தியது. பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்குக் கிடைத்துவந்த சலுகையை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. விசாரணையில் வெளிவந்த ஆண்டுகளில் அப்படிப்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இடம் கிடைத்திருந்தது. மொத்த விண்ணப்பதாரர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்குத்தான்.

முழு மனிதனைப் பார்த்தால் ஏழைக்கு நல்லது நடக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் இரண்டு சக ஆய்வாளர்களும் 2023-இல் வெளியிட்ட கணக்கு வேறு சொல்கிறது. உச்சியில் இருக்கும் 12 பல்கலைக்கழகங்களை எடுத்துப் பார்த்தார்கள். எஸ்.ஏ.டி. என்ற பொதுத் தேர்வில் ஒரே மார்க் வாங்கிய பிள்ளைகளுக்குள், நாட்டின் முதல் 1 சதவீதப் பணக்காரக் குடும்பத்துப் பிள்ளைக்கு, நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைவிட இரண்டு மடங்குக்கு மேல் வாய்ப்பு. காரணங்கள் மூன்று: அப்பா அம்மா படித்த இடம் என்ற உரிமை, விளையாட்டு ஒதுக்கீடு, படிப்பு சாராத ‘மற்ற தகுதிகள்’. யோசித்தால் இதில் ஆச்சரியமில்லை. வாள் சண்டைப் பயிற்சிக்கும் படகோட்டவும் பிள்ளையை யார் அனுப்ப முடியும்? எம்.ஐ.டி. பழைய மாணவர் சலுகை தருவதில்லை. கொரோனா காலத்தில் நிறுத்திய எஸ்.ஏ.டி.யை அது 2022-இல் திரும்பக் கொண்டுவந்தபோது, வசதியில்லாத பள்ளியில் படித்த கெட்டிக்காரப் பிள்ளையைக் கண்டெடுக்க மார்க் உதவுகிறது என்றே சொன்னது.

மார்ச் கடைசிக்குள் எல்லா முடிவுகளும் வந்துவிட்டன. இவளுக்குப் பெரிய இடம் எதுவும் கிடைக்கவில்லை. மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். போனில் அவள் கேட்டது ஒன்றுதான்: “என்கிட்ட என்ன குறை பெரியப்பா?” என் மாணவர்கள் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அவர்கள் கட்-ஆஃபைத் திட்டினார்கள், வினாத்தாள் தயாரித்தவரைத் திட்டினார்கள். இவள் கொடுத்தது விடைத்தாள் இல்லையே. தன்னையே எழுதிக் கொடுத்தாள், திரும்பி வந்ததும் தானே என்று எடுத்துக்கொண்டாள்.

அவளுக்கு நான் சொன்னது கணக்கு. அதே வழக்கில் வெளிவந்த எண்கள்தான். ஒரு வருஷம் ஹார்வர்டில் 1,600 சொச்சம் இடங்களுக்கு விண்ணப்பித்தவர்களில் பள்ளி மதிப்பெண்ணில் முழுமை பெற்றவர்கள் 8,000-க்கு மேல். எஸ்.ஏ.டி. கணக்கில் முழு மார்க் வாங்கியவர்கள் மட்டுமே சுமார் 3,400. இதில் குறை தேடினால் எங்கே கிடைக்கும்? கடினமான பாடங்களை எடுத்து நல்ல மார்க் வாங்குவது வாசல்வரைதான் கொண்டுபோய் விடும். அதற்கு மேல் அந்தந்த நிறுவனத்தின் தேவை. இசைக்குழுவில் ஓபோ வாசித்தவன் படிப்பு முடித்துப் போயிருந்தால் அந்த வருஷம் ஓபோ வாசிக்கிறவனுக்கு யோகம். கால்பந்துக் கோல்கீப்பர் வேண்டியிருக்கும். அதிகம் பேர் விண்ணப்பிக்காத மாநிலத்துப் பிள்ளை வேண்டியிருக்கும். உன் தோசை மாவு யாருடைய மேஜைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் வந்தது, பின்னால் வந்தது என்பதுகூட இருக்கலாம். இது என் குசும்பு. ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வையும் சொன்னேன். பெரிய இடம் கிடைத்தும் சாதாரண இடத்தில் படித்தவர்களும் பிற்பாடு சராசரியாக ஏறக்குறைய அதே அளவுதான் சம்பாதித்தார்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய இடத்தால் கூடுதல் பலன் இருந்தது. “நான் சம்பளத்தைப் பத்திக் கேக்கலையே” என்றாள். அதுவும் சரிதான்.

மைக்கேல் சாண்டல் ஹார்வர்டிலேயே பாடம் நடத்துகிறவர். 2020-இல் வந்த தன் நூலில் அவர் சொல்லும் யோசனை இது: அங்கே படித்துக் கரையேறும் திறமை இல்லாதவர்களை முதலில் கழித்துவிடு, மிச்சம் இருப்பவர்களுக்குச் சீட்டுக் குலுக்கு. படித்ததும் எனக்கு உத்திரமேரூர்தான் ஞாபகம் வந்தது. முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை முறையும் இதே மாதிரிதான். 35 வயதுக்கு மேல், 70-க்குள், வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, கல்வி என்று முதலில் ஒரு வரம்பு. அதில் தேறியவர்கள் பெயரெல்லாம் ஓலையில், ஓலையெல்லாம் குடத்தில், எடுப்பது ஒரு சிறுவன். அது பிராமணர்களின் சபை. குடத்துக்குள் யார் பெயர் போகலாம் என்பது அதற்கு முன்பே முடிந்துபோன சங்கதி. நாம் அதைப் பெருமை பேசும்போது இதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். ஆனாலும் ஓலை வராதவன் தன்னிடம் என்ன குறை என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்க மாட்டான். வந்தவனும் தன்னைப் பெரிய மேதை என்று நினைத்திருக்க முடியாது.

இதைத் தம்பியிடம் சொன்னேன். அவனுக்கு அடுத்து ஒரு பையன் இருக்கிறான், எட்டாவது படிக்கிறான்; அவனை எதில் சேர்ப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிற சமயம்.

“குலுக்கல்னு ஆயிட்டா அப்புறம் நாங்க என்னதான் பண்றது அண்ணே?” என்றான்.

“ஒண்ணும் பண்ண வேண்டாம்டா. படிக்கட்டும். சாயந்தரம் போய் விளையாடட்டும்.”

“அது எப்படி அண்ணே? எல்லாரும் பண்றாங்களே” என்றவன், சற்று யோசித்துவிட்டு, வாள் சண்டைப் பயிற்சிக்கு மாதம் எவ்வளவு ஆகும் என்று சொல்ல ஆரம்பித்தான்.