இன்னொரு தரம் எழுதத்தான் வேண்டுமா?



ஐப்பசி வெள்ளி ஒன்றில் பூசை முடிந்து மண்டபத்தில் பிரசாதம் உண்டுகொண்டிருந்த வேளை, ஒரு தகப்பனார் எம்மருகில் வந்து அமர்ந்தார். "அண்ணை, நீங்களாவது இவளுக்குச் சொல்லுங்கோ. இன்னொருக்கால் சோதினை எடு எண்டால் மாட்டனெண்டு நிக்கிறாள்" என்றார். மகளோ சற்றுத் தள்ளி, பந்தியில் இருந்தவர்களுக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தாள்.

விடயம் இதுதான். கணக்கியல் படித்து மூன்று வருடம் வேலை பார்த்த பிள்ளை, இப்போது எம்.பி.ஏ. படிக்க விரும்புகிறாள். அதற்கான ஜீமாட் நுழைவுத் தேர்வில் 645 புள்ளி பெற்றிருக்கிறாள். தகப்பனாருக்கு அது போதாது. அவருடைய தமையனாரின் மகன் 2015ஆம் ஆண்டிலே 700 எடுத்தவராம்.

இதில் முதலில் ஒரு கணக்குப் பிழையைத் திருத்த வேண்டியிருந்தது. பழைய ஜீமாட்டின் மொத்தப் புள்ளி 200 முதல் 800 வரை. 2023 நவம்பரில் புதிய வடிவம் வந்தது. 2024 ஜனவரியோடு பழையது நிறுத்தப்பட்டது. புதியதில் புள்ளிகள் 205 முதல் 805 வரை. அளவுகோலே வேறு. தேர்வை நடத்தும் அமைப்பு வெளியிட்ட ஒப்பீட்டு அட்டவணைப்படி, இன்றைய 645 ஏறத்தாழப் பழைய 700க்குச் சமம். இதைச் சொன்னவுடன் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நம்பினோம். தகப்பனார் சிறிது யோசித்துவிட்டு, "அப்ப அவனை விடக் கூடவும் எடுக்கலாம்தானே?" என்றார். இது புள்ளிக் கணக்கு அல்ல என்பது அப்போதுதான் நமக்கு விளங்கியது.

அவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. நம்மில் பலர் எங்கிருந்து வந்தவர்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். 1970களில் தரப்படுத்தல் வந்தபோது, தமிழ்மொழி மூலம் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றியவர்கள் கூடுதல் புள்ளி பெற்றால்தான் மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ போகலாம் என்றாயிற்று. சில புள்ளிகள் குறைந்ததால் ஒருவனுடைய வாழ்க்கை திசை மாறியதை நாம் நம் ஒழுங்கைகளிலேயே கண்டோம். இரண்டாம் தரம், மூன்றாம் தரம் எழுதிய அண்ணன்மார் மண்ணெண்ணெய் விளக்கடியில் விடிய விடிய இருந்த காட்சி இன்னும் கண்ணை விட்டு மறையவில்லை. அங்கே பரீட்சை என்பது ஒரேயொரு படலை. அது சாத்தப்பட்டால் வளவுக்குள் போக வேறு வழி இல்லை. அந்தப் படலையடியில் நின்ற மனிதரிடம், பிள்ளையின் புள்ளி போதும் என்று சொன்னால் எப்படி நம்புவார்?

ஆனால் இந்த நாட்டில் வளவுக்குப் பல வாசல்கள் உண்டு. ரொறன்ரோவில் ரொட்மன், சூலிக் ஆனாலும், லண்டன் ஒன்ராறியோவில் ஐவி ஆனாலும், தேர்வுப் புள்ளியை மட்டும் வைத்து எவரையும் எடுப்பதில்லை. பல்கலைக்கழகப் பெறுபேறு, வேலை அனுபவம், எழுதும் கட்டுரை, பரிந்துரைக் கடிதம், நேர்முகம் யாவும் சேர்த்தே பார்க்கிறார்கள். ஒரு கல்லூரி தன் வகுப்பின் சராசரிப் புள்ளியை வெளியிட்டால், அதற்குக் கீழே பெற்றவர்களும் அந்த வகுப்பிலே இருக்கிறார்கள் என்றுதானே பொருள்? நம்மவர்கள் சராசரியைக் கண்டவுடன் அதையே வெட்டுப்புள்ளி என்று எண்ணிவிடுகிறோம்; பழைய பழக்கம். இன்னொன்று: இத்தேர்வின் மொத்தப் புள்ளியில் சுமார் 30 முதல் 40 வரை அளவுப் பிழை உண்டென்று அதை நடத்துபவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அப்படியானால் 645 எடுத்த பிள்ளை அடுத்த மாதம் 675 எடுத்தாலும், 615 எடுத்தாலும், அதே பிள்ளைதான்.

இதனால் எவரும் இரண்டாம் முறை எழுதக் கூடாது என்று நாம் சொல்வதாக எண்ண வேண்டாம். அன்றே அதே மண்டபத்தில் ஓர் இளைஞரும் இருந்தார். கணக்கிலே தாம் கெட்டிக்காரர் என்ற துணிவில் ஆயத்தமின்றிப் போய், நேரம் போதாமல் கடைசிக் கேள்விகளைக் குருட்டாம்போக்கில் அமர்த்திவிட்டு வந்தவர். 16 நாட்கள் கழிந்தால் மீண்டும் எழுதலாம், ஒரு வருடத்துக்குள் ஐந்து தடவை வரை எழுதலாம் என்பது விதி. அவர் மீண்டும் எழுதுவதே முறை. தம்மால் இயன்றதை அவர் இன்னும் செய்யவே இல்லை.

இந்தப் பிள்ளையின் நிலை வேறு. நாம் கூப்பிட்டுக் கேட்டபோது அவள் சொன்னது: "அங்கிள், நாலு மாதம் விடிய அஞ்சு மணிக்கு எழும்பிப் படிச்சனான். சனிக்கிழமை தமிழ் வகுப்புச் சின்னப் பிள்ளையளையும் விட்டிட்டுப் படிச்சனான். எனக்கு ஏலாது எண்டு நான் சொல்லேல்ல. எனக்குப் போதும் எண்டுதான் சொல்லுறன்."

ஏலாது என்பதற்கும் போதும் என்பதற்கும் உள்ள வேறுபாடு தகப்பனாரின் காதில் ஏறவில்லை. உண்மையைச் சொன்னால், நமக்கும் ஏறச் சற்று நேரம் பிடித்தது. வைராக்கியம் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலே, "அவன் வைராக்கியமாய்ப் படித்து முன்னுக்கு வந்தான்" என்கிறோம். விடாப்பிடி என்ற பொருளில். சமய நூல்களிலோ அதே சொல்லுக்குப் பொருள் பற்றின்மை. பிடிக்கவும் அதே சொல், விடவும் அதே சொல். நம் பிள்ளைகளுக்கு முதலாவதை மட்டுமே ஊட்டி வளர்த்திருக்கிறோம். இரண்டாவதை ஞாயிறு காலைப் பிரசங்கத்தில் கேட்டுவிட்டு வாகனத் தரிப்பிடத்திலேயே விட்டுப் போகிறோம். (நமது மூத்த மகன் 98 புள்ளி வாங்கிக்கொண்டு வந்த நாளில், மற்ற இரண்டும் எங்கே என்று கேட்டவர்கள்தாம் நாமும்.)

தகப்பனார் கடைசியாக ஒரு நியாயம் சொன்னார். இரண்டாம் முறை குறைந்தாலும் பயமில்லை. எந்தப் புள்ளியை அனுப்புவதென்று பிள்ளையே தெரிவு செய்யலாம், கல்லூரிக்குத் தெரிய வராது என்றார். உண்மைதான். ஆனால் அவளுக்குத் தெரியுமே! தனக்குப் போதும் என்று பட்ட ஒன்றை, பெரியப்பா வீட்டில் தகப்பன் தலைநிமிர்ந்து பேசுவதற்காக மீண்டும் எழுதினோம் என்பதும் அவளுக்குத் தெரியும். அந்தப் பாரத்தை ஒரு பிள்ளையின் மேல் ஏற்ற நமக்கு உரிமை உண்டா? நாம் அவரிடம் இப்படியே கேட்டோம். அவர் பதில் சொல்லாமல் இலையை மடித்தார்.

மகள் 645ஐ வைத்தே விண்ணப்பங்களை அனுப்பிவிட்டாள். இடம் கிடைக்குமோ தெரியாது. புள்ளி ஐந்து வருடம் செல்லுபடியாகும் என்பதால் அவளுக்கு அவசரமும் இல்லை. சனிக்கிழமை வகுப்புக்குத் திரும்ப வருகிறாள். போன வெள்ளியும் தகப்பனார் அர்ச்சனைச் சீட்டில் அவளுடைய பெயரையும் நட்சத்திரத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு நின்றார். என்ன வேண்டிக்கொண்டார் என்று நாம் கேட்கவில்லை.