சொல்லும் ஓர் அமானிதமே!



வெளியூர் செல்லும் அண்டை வீட்டார் தம் நகைப்பெட்டியை நம்மை நம்பி ஒப்படைத்துச் செல்கிறார். அதைத் திறந்து தெருவில் கடைபரப்ப நம்மில் எவரேனும் துணிவோமா? துணியமாட்டோம். ஆனால் அதே மனிதர் நம்பிச் சொன்ன ஒரு செய்தி நம் கைபேசிக்கு வந்தால், விரல் நுனியால் தொட்டு நூறு பேருக்கு அனுப்பிவிட்டு, இஷாத் தொழுகைக்கு ஸஃப்பில் போய் நிற்கிறோம். நகை அமானிதம் என்றால் சொல் அமானிதம் இல்லையா?

திண்டுக்கல் நகரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இன்று வாட்ஸ்அப் குழு இல்லாத மஹல்லாவைக் காண்பது அரிது. ஜனாஸா அறிவிப்பு, சந்தாக் கணக்கு, ஏழை மாணவருக்கு உதவி என அதனால் விளையும் நன்மைகள் பல. அத்தகைய சிறு குழு ஒன்றில் நாமும் இருந்தோம். மொத்தம் முப்பது பேர். அதில் ஒரு சகோதரர், தம் வியாபாரம் நொடித்துவிட்டதையும் கடன்காரர்கள் வாசலில் நிற்பதையும் எழுதி, "துஆச் செய்யுங்கள், வழி தெரிந்தால் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தார்.

மறுவாரம் ஜும்ஆவில் கடனின் தீங்கைப் பற்றிப் பேசிய நாம், பெயரைக் குறிப்பிடாமல் அவருடைய நிலையை உதாரணமாக எடுத்துச் சொன்னோம். பெயர் சொல்லவில்லையே என்பது நமக்கு நாமே சொல்லிக்கொண்ட சமாதானம். அஸருக்குள் ஊர் ஆளைக் கண்டுகொண்டது. அவருடைய மகளுக்குப் பேசிவந்த சம்பந்தம் பேச்சோடு நின்றது. அவர் நம்மிடம் கோபப்படவில்லை. "ஹஜ்ரத், நான் உங்க முப்பது பேர்கிட்டதானே சொன்னேன்?" என்று மட்டும் கேட்டார். நம்மிடம் பதில் இல்லை.

நமது அத்தாவும் இமாமாக இருந்தவர்கள்தாம். 1990களில் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்றோரின் கடிதங்களை, எழுத்தறியாத தாய்மார்கள் கொண்டுவந்து படித்துக்காட்டச் சொல்வார்கள். வராத சம்பளம், அடகு போன நகை, மாமியார் மருமகள் மனத்தாங்கல் என்று தெருவில் பாதி வீடுகளின் சுமையும் அத்தாவின் செவிக்குள் சென்றது. ஒன்றுகூட வாய்வழியே வெளிவந்ததில்லை. நம் அம்மாவுக்கே தெரியாது. அத்தாவுக்கு இருந்த அந்தப் பேணுதல், பட்டம் பெற்று வந்த நமக்கு இல்லாமல் போயிற்றே!

சிறுவர் அனஸ் (ரலி) அவர்களை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஓர் அலுவலாக அனுப்பினார்கள். வீடு திரும்பத் தாமதமானபோது, தாயார் உம்மு சுலைம் (ரலி) அவர்கள் என்ன வேலை என்று கேட்டார்கள். அது இரகசியம் என்றார் மகன். தாயார் வற்புறுத்தவில்லை, நபியவர்களின் இரகசியத்தை எவரிடமும் சொல்லிவிடாதே என்றே மகனுக்குக் கூறினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி இது. பெற்ற தாயே கேட்டாலும் இரகசியம் இரகசியம்தான்.

"குழுவில் போட்டபின் அது எப்படி இரகசியமாகும்? மறைக்க வேண்டுமென்று அவர் சொல்லவில்லையே!" என்று சிலர் கேட்கலாம். நாமும் அப்படித்தான் எண்ணினோம். அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் உள்ள ஒரு நபிமொழி இந்த எண்ணத்தை வேரறுக்கிறது. ஒருவர் ஒன்றைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அதுவே அவருடைய சொல்லை அமானிதமாக்கிவிடுகிறது என்பது அதன் கருத்து. வாயால் எச்சரிக்க வேண்டியதில்லை. யாரேனும் கேட்கிறார்களா என்று பார்த்ததே போதும். ஆயிரக்கணக்கானோர் வாழும் ஊரில் முப்பது பேரை மட்டும் தேர்ந்து எழுதினாரே, அந்தத் தேர்வுதான் நம் சகோதரர் திரும்பிப் பார்த்த பார்வை!

உலகச் சட்டமும் இன்று இதை உணரத் தொடங்கியுள்ளது. தமிழ்நாடு கிராம வங்கியின் ஊழியர் ஒருவர், சக ஊழியர்களின் தனிப்பட்ட வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகத்தைக் கேலி செய்து எழுதினார். வங்கி அவருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை அனுப்பியது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2023ல் அதை ரத்துச் செய்தது. தேநீர் அருந்தியபடி நண்பர்கள் பேசுவதை நிர்வாகம் கவனத்தில் கொள்ள முடியாதெனில், வரையறுக்கப்பட்டோர் மட்டுமே உள்ள குழுவில் பேசுவதற்கு மட்டும் வேறு நியாயமா என்று கேட்ட நீதிமன்றம், சட்டத்தை மீறாதவரை ஒரு குழுவின் அந்தரங்கமும் மதிக்கப்பட வேண்டும் என்றது.

2019ல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டுக்குப் பேர்போன ஊர் நமது. வாட்ஸ்அப்பிலும் 2016 முதல் ஒரு பூட்டு உண்டு. அனுப்புகிறவர் கைபேசியில் பூட்டப்படும் செய்தி, பெறுகிறவர் கைபேசியில்தான் திறக்கும்; இடைவழியில் அந்த நிறுவனமும் படிக்க இயலாது. ஆனால் முப்பது பேர் குழுவில் முப்பது பேரிடமும் சாவி இருக்கிறதே! அங்கே இறையச்சத்தைத் தவிர வேறு பூட்டு ஏது?

"நடந்ததைத்தானே சொன்னேன்" என்பதும் சாக்காகாது. திருமறையின் 49:12 வசனம் துருவித் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் ஒருசேரத் தடுக்கிறது. உள்ளதைச் சொல்வதே புறம், இல்லாததைச் சொல்வது அவதூறு என்று நபியவர்கள் விளக்கிவிட்டார்கள்.

அப்படியானால் எதையும் வெளியிடவே கூடாதா? அப்படியுமல்ல. சபைகள் அமானிதம் என்று கூறும் அபூதாவூத் அறிவிப்பே, கொலை, விபசாரம், பிறர் பொருளை அநியாயமாகப் பறித்தல் ஆகிய மூன்றுக்கும் விலக்களிக்கிறது. ஹிஜ்ரி 8ல் மக்காவாசிகளுக்கு இரகசியமாகச் சென்ற ஹாதிப் (ரலி) அவர்களின் கடிதம் வழிமறித்துக் கைப்பற்றப்பட்டது. சமூகத்தின் பாதுகாப்பே அதற்குக் காரணம். அப்போதும் நபியவர்கள் அவரை அழைத்து விளக்கம் கேட்டு ஏற்றுக்கொண்டார்கள். ஆகவே, ஓர் உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்தென்று தெரிந்தால், தடுக்க வல்லவரிடம் தேவையான அளவு சொல்வது கடமை. அதை ஊர் முழுக்கப் பரப்புவது அந்தக் கடமையில் சேராது.

நாம் அச்சகோதரரின் வீடு சென்று மன்னிப்புக் கேட்டோம். மிம்பரில் நின்றும் கேட்கிறோம் என்றோம். "வேண்டாம் ஹஜ்ரத், ஊர் மறுபடியும் பேசும்" என்றார். நகையைத் திருப்பித் தரலாம். பரவிய சொல்லை எப்படித் திரும்பப் பெறுவது? இதை எழுதுவதற்கும் அவரிடம் அனுமதி பெற்றே, அடையாளம் தெரியாதபடி எழுதியிருக்கிறோம். முன்பே கேட்டிருக்க வேண்டிய அனுமதி!

சகோதரர்களே, இனி ஒரு செய்தியைப் பிறருக்கு அனுப்புமுன் எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால், அனுப்பக் கூடாது என்பதற்கு அதுவே அடையாளம். நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளையும் சொல்லையும் பேணிக் காக்கும் நல்லடியார்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.