கழுகும் சிலுவையும்



மண்ணுலகில் தீ மூட்ட வந்ததாக இயேசு சொல்வதை இன்று லூக்கா நற்செய்தியில் கேட்டோம். தீயைப் பற்றிக் கிரேக்கர்களிடமும் ஒரு கதை உண்டு. மனிதர்கள்மேல் இரங்கி, தேவர்களிடமிருந்து நெருப்பைத் திருடிக் கொடுத்தான் புரொமீதியஸ். தேவர்களின் அரசன் ஜீயஸ் அவனைப் பாறையோடு சங்கிலியால் பிணைத்தான். நாள்தோறும் ஒரு கழுகு வந்து அவன் கல்லீரலைத் தின்னும். அது மீண்டும் வளரும். கழுகும் மீண்டும் வரும்.

ஆண்ட்வெர்ப் நகரத்து ஓவியர் ரூபன்ஸ் 1611 வாக்கில் இதை எண்ணெய் வண்ணத்தில் வரையத் தொடங்கினார். கழுகை மட்டும் ஸ்னைடர்ஸ் என்பவர் வரைந்தார். ஏறக்குறைய எட்டடி உயரப் படம். புரொமீதியஸ் தலைகீழாகச் சரிந்து கிடக்கிறான். கழுகின் ஒரு கால் அவன் முகத்தை அழுத்துகிறது. கீழே ஓரத்தில், அவன் திருடிவந்த தீப்பந்தம் இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது.

இதே ரூபன்ஸ், அதற்குச் சற்று முன்புதான், ஆண்டவரின் சிலுவை நிமிர்த்தப்படும் காட்சியைக் கோயில் பீடத்துக்காக வரையத் தொடங்கியிருந்தார். இரண்டு படங்களிலும் மனிதரை நேசித்த ஒருவர் வதைபடுகிறார். ஆனால் அங்கே பிணைத்தவன் கடவுள். இங்கே பிணைக்கப்பட்டவரே கடவுள். நமக்காக யாரும் தீயைத் திருட வேண்டியதில்லை. தந்தை அதை மகனிடமே கொடுத்தனுப்பினார்.

இருந்தும் நம்மில் பலர் ஜீயஸைத்தான் கும்பிடுகிறோம். சாராயத்தால் கல்லீரல் கெட்டுப் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகிறோம். "ஆண்டவர் தண்டிச்சிட்டார்" என்கிறோம், அவர் மனைவியின் காதில் விழும்படியாக. குடி பாவம்தான், அதை நான் மழுப்பவில்லை. கல்லீரலைத் தின்றது சாராயம். கடவுள் கழுகு அனுப்பவில்லை. பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டார்கள். அவர் செய்ததும் இல்லை, பெற்றோர் செய்ததும் இல்லை என்று இயேசு அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டார்.

வருகிற வெள்ளிக்கிழமை நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகிறேன். அன்பியக் குழுவுக்கு இருவர் என்னோடு வாருங்கள். குடியை நிறுத்த விரும்புகிற ஒருவரை ஜிப்மர் மருத்துவமனைக்குக் கூட்டிப்போகவும் துணை வேண்டும். முடிந்தவர்கள் பூசை முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.