நாட்டைப் பார்ப்பதா, நெசவாளியைப் பார்ப்பதா?

பொதட்டூர்பேட்டை போன்ற விசைத்தறி ஊர்களில் கூலி நெசவு நடக்கும் விதம் எளிது. பாவும் ஊடை நூலும் முதலாளி கொடுப்பார். துணியாக்கிக் கொடுத்தால் கூலி. நடுவில் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, அறுந்த முனையைத் தேடிப் பிடித்து, விழுதிலும் அச்சிலும் கோத்து முடிந்து, மறுபடி ஓட்ட வேண்டும். அந்த நேரத்துக்குக் கூலி இல்லை. கரண்ட் போனால் அதற்கும் இல்லை. இந்தக் கணக்கு ஜெனீவாவில் உலக வர்த்தக அமைப்பின் எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை. அங்கே எழுதப்படும் விதிகள் மட்டும் நூல் விலையாகவும் ஆர்டராகவும் இந்தத் தறி வரைக்கும் வந்து சேர்கின்றன.

உலக வர்த்தகத்தில் எளியவர்களுக்குச் சலுகை வேண்டும் என்பதை இன்று யாரும் வெளிப்படையாக மறுப்பதில்லை. மறுக்கும் தகுதி பணக்கார நாடுகளுக்கு இல்லை. அச்சிட்ட இந்தியத் துணியை இறக்குமதி செய்யக் கூடாது என்று 1700-இல் சட்டம் போட்டது இங்கிலாந்து. அது போதாதென்று 1721-இல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதற்கே தடை போட்டது. தடையற்ற வாணிபத்தைப் பின்னாளில் ஊருக்கெல்லாம் உபதேசித்ததும் அதே நாடுதான். 1974 முதல் 2004 முடிய, ஏழை நாடுகள் எவ்வளவு துணி அனுப்பலாம் என்று கோட்டா வைத்து அளந்தவர்களும் மேற்கு நாட்டவர்களே. இதில் நியாயம் எந்தப் பக்கம் என்று அதிகம் யோசிக்க வேண்டியதில்லை.

யோசிக்க வேண்டிய இடம் வேறு. சலுகை ஏழை நாட்டுக்கு உரியதா, ஏழை மனிதருக்கு உரியதா?

உலக வர்த்தக அமைப்பின் மானிய ஒப்பந்தத்தில் ஒரு விதி உண்டு. தலைவீத வருமானம் ஆண்டுக்கு 1,000 டாலருக்குக் குறைவான சில வளரும் நாடுகள் ஏற்றுமதி மானியம் கொடுக்கலாம். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அந்தக் கோட்டைத் தாண்டினால் சலுகை போய்விடும். இந்தியா தாண்டிவிட்டதாக 2017-இல் அறிவிக்கப்பட்டது. 2018-இல் அமெரிக்கா வழக்குத் தொடுத்தது. 2019 அக்டோபர் 31 அன்று வந்த தீர்ப்பு பெரும்பாலும் இந்தியாவுக்கு எதிராகவே இருந்தது. தலைவீதம் என்பது சராசரி. மும்பையின் கோடீஸ்வரரும் பொதட்டூர்பேட்டையின் கூலி நெசவாளியும் சேர்ந்துதான் அந்தக் கோட்டைத் தாண்டினார்கள். நெசவாளி தாண்டியது அவருக்கே தெரிந்திருக்காது. (இந்தியா மேல்முறையீடு செய்தது. அதைக் கேட்க வேண்டிய அமர்வோ, நீதிபதி நியமனங்களை அமெரிக்கா தடுத்ததால், அந்த ஆண்டு டிசம்பரிலேயே முடங்கிவிட்டது. வழக்குப் போட்டவரே கோர்ட்டுக்குப் பூட்டுப் போட்ட விசித்திரம்.)

வங்கதேசம் இன்னும் கடினமான கேள்வியை எழுப்புகிறது. குறைவளர்ச்சி நாடு என்ற தகுதியில் அதன் ஆடைகள் 2001 முதல் ஐரோப்பாவில் வரியின்றி நுழைகின்றன. இந்திய ஆடை வரி கட்டித்தான் போயிருக்கிறது. 2011-இல் இந்தியாவும் வங்கதேச ஆடைகளுக்கு வரியை நீக்கியது. நம் நெசவாளியின் பிழைப்பைப் பறித்துவிட்டார்கள் என்று டாக்காவின் தையல் தொழிலாளியைக் குற்றம் சொல்ல முடியுமா? 2013-இல் ராணா பிளாசா கட்டடம் இடிந்து ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டது அந்த ஆடைத் தொழிலில்தான். இரு நாடுகளின் தலைவீத வருமானத்துக்கும் இன்று பெரிய வித்தியாசமில்லை. ஒருவருக்குக் கதவு திறந்திருப்பதும் மற்றவர் சுங்கம் கட்டுவதும் அவரவர் பாஸ்போர்ட்டைப் பொறுத்தது. சின்ன நாடு, வேறு தொழில் பெரிதாக இல்லாத நாடு என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அது நாடுகளுக்கிடையிலான நியாயம்.

இந்திய அரசும் நாட்டின் பெயரைச் சொல்லித்தான் வாதாடுகிறது. வெளியே ஏழை உற்பத்தியாளரைக் காட்டிச் சலுகை கேட்கும்; உள்ளே 2021 பிப்ரவரியில் பஞ்சு இறக்குமதிக்கு 11 விழுக்காடு வரி போடும். பருத்தி விவசாயிக்கு அது பாதுகாப்பு, நூல் வாங்குபவருக்குச் சுமை. இருவருமே ஏழைகள். விசைத்தறிக்காரரும் முழுக்கப் பாதிக்கப்பட்டவர் மட்டுமல்லர். கைத்தறிக்கென 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒதுக்கிய 22 ரகங்கள் பிற்பாடு 11 ஆகக் குறைந்தன. ஒதுக்கிய ரகங்களையும் விசைத்தறிகள் ஓட்டின. கைத்தறியாளரின் சோற்றில் கைவைத்தவர்களில் உலக வர்த்தக அமைப்போடு பக்கத்துத் தெருத் தறியும் உண்டு.

மனிதரை அளவுகோலாக வைக்கும் யோசனை பேசப்படாமலும் இல்லை. தொழிலாளர் தரத்தை வர்த்தக விதிகளோடு இணைக்க வேண்டும் என்ற பேச்சு 1996 சிங்கப்பூர் அமைச்சர் மாநாட்டில் வந்தது. வளரும் நாடுகள் எதிர்த்தன. இந்தியா முன்வரிசையில் நின்றது. கூலியைச் சாக்காக வைத்துப் பணக்கார நாடுகள் நம் சரக்கைத் தடுத்துவிடும் என்ற பயம் அதற்குக் காரணம். 1721-ஐ நினைத்தால் அந்தப் பயம் வீண் என்று சொல்ல முடியாது. தொழிலாளர் விவகாரத்தைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு பார்த்துக்கொள்ளும் என்று மாநாடு கைகழுவியது.

எதிர்த்தது சரிதான். எதிர்த்த பிறகு சும்மா இருந்ததுதான் தவறு. வெளிநாட்டான் நம் கூலியை அளக்கக் கூடாது என்று சொல்லும் அரசுக்கு, அதைத் தானே அளக்கும் கடமை வந்துவிடுகிறது. ஏற்றுமதியாளருக்குப் போகும் ஒவ்வொரு சலுகையிலும் எத்தனை பைசா கூலியாக இறங்கியது என்று கேட்க ஜெனீவாவின் அனுமதி தேவையில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 விழுக்காடு வரி போட்டபோது டில்லி அதை அநீதி என்றது; அநீதிதான். அதே மாதம் பஞ்சு வரியையும் தற்காலிகமாக நீக்கியது. அந்த வரிக்குறைப்பு மில்லையும் ஏற்றுமதியாளரையும் தாண்டிப் தறி ஓட்டுபவரின் கூலிச் சீட்டு வரை வர வேண்டும் என்று யாரும் நிபந்தனை போடவில்லை.