தாகத்தைக் கண்ட கண்

தவக்காலத்தின் ஒரு மாலைப்பொழுதில், நம் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நம்மைக் காண வந்தார். கணவரை இழந்தவர், பிள்ளைகள் தொலைவில் வாழ்கின்றனர். ஒப்புரவு அருட்சாதனத்திற்காக வந்திருப்பார் என்று எண்ணினோம். அவரோ ஒரு கேள்வியைச் சுமந்து வந்திருந்தார். "சாமி, என் பூனைக்கு இன்சுலின் ஊசி போடுகிறேன். இது பாவமா?"

நாம் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை.

அவரது பூனைக்கு வயது பதினொன்று. காயடிக்கப்பட்ட ஆண் பூனை. பால்சோறும் சாய்வு நாற்காலியுமாக வாழ்ந்து பருத்திருந்தது. திடீரென்று அது ஓயாமல் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. குளியலறை வாளியை விட்டு நகர மறுத்தது. முன்னைவிட மிகுதியாகத் தின்றும் மெலிந்துகொண்டே போனது. ஒரு வாரத்திற்குள் இதைக் கவனித்துவிட்ட ஆசிரியை அதைக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் சென்றார். அச்சத்தால்கூடப் பூனையின் இரத்தத்தில் சர்க்கரை சிறிது நேரம் ஏறிவிடும் என்பதால், மருத்துவர் சிறுநீரையும் சோதித்து நீரிழிவே என்று உறுதி செய்தார். இனி நாள்தோறும் இருவேளை, 12 மணி நேர இடைவெளியில், இன்சுலின் செலுத்த வேண்டும்.

செய்தி அன்பியக் கூட்டத்திற்கு எட்டியது. "மனிதர்களுக்கே கஞ்சிக்கு வழியில்லை, பூனைக்கு ஊசியா?" என்று ஒருவர் எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். அந்தச் சொல்தான் ஆசிரியையை நம்மிடம் அனுப்பியிருந்தது.

"கடவுளின் படைப்பெல்லாம் நல்லதே, டீச்சர். மனம் கலங்காமல் போடுங்கள்" என்று சொல்லி அனுப்பினோம். அன்றிரவு அந்தப் பதில் நமக்கே நிறைவளிக்கவில்லை. கலங்கிய மனத்தை ஆற்றினோமே தவிர, கேட்ட கேள்விக்கு விடை தரவில்லை.

குருமடத்தில் நாம் பயின்ற இறையியலுக்கு இக்கேள்வி புதிதன்று. நட்பு என்னும் முழுமையான பொருளில் அன்பு பகுத்தறிவு உள்ளவர்களுக்கே உரியது என்பது 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமா அக்குவினாஸின் துணிபு. ஆயினும் விலங்குகளிடம் இரங்கிப் பழகியவர் மனிதரிடம் இரங்குவதற்கு எளிதில் ஆயத்தமாகிறார் என்றும் அவர் கருதினார். 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இரு பக்கத்தையும் எடைபோடுகிறது. விலங்குகள் கடவுளின் படைப்புகள்; அவற்றிடம் பரிவு காட்ட நாம் கடமைப்பட்டவர்கள் என்கிறது. அசிசி நகர்ப் புனித பிரான்சிசையும் புனித பிலிப் நேரியையும் அங்கே நினைவூட்டுகிறது. அதே மூச்சில், மனிதரின் துயர் துடைக்க முதன்மையாகச் செல்ல வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவது தகாது என்றும் எச்சரிக்கிறது. அன்பியத்தில் எழுந்த கேள்வியை, ஆகவே, நாம் பொறாமைப் பேச்சென்று தள்ளிவிட முடியாது. அதில் திருச்சபையின் குரலும் கலந்திருக்கிறது.

ஆனால் ஏழையின் பெயரால் எழும் கேள்வியெல்லாம் ஏழைக்காக எழுவதில்லை. பெத்தானியாவில் ஆண்டவரின் காலடிகளில் நறுமணத் தைலம் பூசப்பட்டபோது, 300 தெனாரியத்திற்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டவன் யூதாசு. அவனுக்கு ஏழைகள்மேல் அக்கறை இல்லை என்று யோவான் நற்செய்தி 12-ஆம் அதிகாரம் அறிவிக்கிறது. ஆண்டவரையும் ஒரு பூனையையும் நாம் ஒப்பிடவில்லை. கேட்பவரின் உள்ளத்தையே நினைக்கிறோம். பூனைக்கு ஊசி வேண்டாம் என்பவர், மிச்சமாகும் பணத்தை எந்த ஏழையின் கையில் வைக்கப் போகிறார்?

மனிதரின் மருந்தை விலங்குக்கு வீணாக்குவதா என்றும் சிலர் வினவலாம். அம்மருந்து பிறந்த வரலாறு வேறு கதை சொல்கிறது. கணையத்தை அகற்றினால் நீரிழிவு வரும் என்பதை 1889-இல் மிங்கோவ்ஸ்கியும் மேரிங்கும் ஒரு நாயிடமே கண்டறிந்தனர். 1921-இல் கனடாவின் டொராண்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்டும் செய்த ஆய்வுகளில் உயிர் கொடுத்தவையும் நாய்களே. 1922 சனவரியில் லியோனார்டு தாம்சன் என்னும் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அதன்பின் 1982-இல் நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரித்த மனித இன்சுலின் ஒப்புதல் பெறும்வரை, அறுபது ஆண்டுகளாக மாடுகளின், பன்றிகளின் கணையங்களே கோடிக்கணக்கான மனிதரைக் காத்தன. நம் தாய் தந்தையருள் எத்தனை பேர் அந்த ஊசியால் வாழ்ந்தனர்! விலங்குகளிடம் நாம் கடன்பட்டிருக்கிறோம். ஒரு பூனைக்குச் செலுத்தும் சில துளிகள் அக்கடனுக்கு வட்டியாகக்கூட மாட்டா.

இரண்டு வாரம் கழித்து நோயுற்றோரைச் சந்திக்கச் சென்ற நாம் அவர் வீட்டு வாயிலையும் மிதித்தோம். கோவிலில் மாலை மூவேளை மணி ஒலித்துக்கொண்டிருந்தது. காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் அடிக்கும் அந்த மணியே பூனையின் மருந்துக்கும் நேரம் குறிப்பது என்றார் ஆசிரியை. பால்சோறு நின்று, மாவுப்பொருள் குறைந்த இறைச்சி உணவு தட்டில் இருந்தது. பூனை தின்று முடிக்கும்வரை காத்திருந்து, பிடரிக்குக் கீழே தளர்ந்த தோலைத் தூக்கி ஊசியைச் செலுத்தினார். தின்ன மறுத்தால் வழக்கமான அளவைப் போடாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும். தள்ளாடினால் சர்க்கரை தாழ்ந்துவிட்டது என்றறிந்து ஈறில் தேன் தடவி மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மில்லிக்கு 40 அலகு, 100 அலகு என மருந்துக் குப்பிகளில் வகையுண்டு. 40-க்குரிய சிரிஞ்சில் 100-ஐ அதே கோடுவரை இழுத்தால் இரண்டரை மடங்கு மருந்து ஏறிவிடும். இவற்றையெல்லாம் பாடம் நடத்துவதுபோல் விளக்கினார். தொடக்கத்திலேயே சரியாகப் பேணினால் சில பூனைகளுக்குக் காலப்போக்கில் ஊசியே தேவைப்படாமல் போவதும் உண்டாம்.

பின்னர் அவர் குரல் தாழ்ந்தது. வீட்டு வேலைக்கு உதவ வரும் அம்மையார்தான் முதல் நாள்களில் பூனையைப் பிடித்துக்கொண்டவர். "ஒரு வேளை தவறினாலும் கேடு" என்று ஆசிரியை சொல்லப்போக, அந்த அம்மையார் மெல்லச் சொன்னாராம்: "எனக்கும் சர்க்கரைதான் டீச்சர். ஊசி போடச் சொன்னாங்க. பயந்துபோய் விட்டுட்டேன், மூணு வருசமாச்சு." அவரது உள்ளங்காலில் ஆறாத புண் இருந்தது.

"சாமி, பூனையின் தாகத்தை ஒரு வாரத்தில் கண்டுபிடித்தேன். ஒன்பது ஆண்டுகளாக என் அடுப்படியில் நிற்பவளின் தாகத்தை நான் காணவில்லையே" என்றார் ஆசிரியை.

நம்மிடம் பதில் இல்லை. அந்த அம்மையார்தான் சனிக்கிழமைதோறும் நம் கோவிலைப் பெருக்குகிறவர். பெருக்கும் வேலைக்கிடையே முற்றத்துக் குழாயடிக்கு அவர் மீண்டும் மீண்டும் போவதை நாமும் பார்த்திருக்கிறோம். வெயில் என்றே எண்ணியிருந்தோம்.

'பூனையா, மனிதரா' என்ற கேள்வியில் எது பிழை என்பது அப்போதுதான் நமக்குப் புலப்பட்டது. பூனைக்குச் செலவான பணம் அந்த அம்மையாரிடமிருந்து பறிக்கப்பட்டதன்று. அவருக்குரிய மருந்து அரசு மருத்துவமனையில் கட்டணமின்றியே கிடைக்கக்கூடியது. 2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நீரிழிவுக்கான மருந்துகள் வீடு தேடியும் சென்றன. அவருக்கு இல்லாதிருந்தது, 'ஏன் இவ்வளவு தண்ணீர் குடிக்கிறாய்?' என்று கேட்க ஒருவர். ஊசிக்கு அஞ்சும் கையைப் பிடித்துக்கொள்ள ஒருவர்.

புனித தோமாவின் கருத்துக்கு, ஆகவே, ஒரு சொல்லைச் சேர்க்கத் துணிகிறோம். விலங்கிடம் காட்டும் இரக்கம் தானாகவே மனிதரிடம் போய்ச் சேர்வதில்லை. அது பூனையோடு நின்றுவிடவும் கூடும். நின்றுவிட்டால் மறைக்கல்வி நூலின் எச்சரிக்கை நம்மீது விழும். செல்லப் பிராணிக்குச் செலவிடுவோர் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்: இச்செலவால் யாருக்கேனும் உரிய கூலி குறைந்ததா? கொடுத்துவந்த தருமம் நின்றதா? இந்த உயிரைக் கவனிக்கும் கண்ணால் என் வீட்டிலுள்ள மனிதரையும் பார்த்தேனா? மூன்றுக்கும் நேர்மையாக விடை சொல்ல முடிந்தால், நம்மையே நம்பி வாழும் உயிருக்கு மருந்திடுவது பாவமன்று, கடமையே. மருந்தால் பயனின்றித் துன்பமே நீளும் நாள் வந்தால், போகவிடுவதும் அக்கடமையின் ஒரு பகுதி.

ஆசிரியை அந்த அம்மையாரை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்றார். பூனைக்குப் போட்ட ஊசியின் மென்மையைக் கண்ணால் கண்டிருந்ததால் அவரது அச்சம் பாதி குறைந்திருந்தது. புண்ணுக்கு மருத்துவம் நடைபெறுகிறது. இன்னும் முழுதாக ஆறவில்லை. சனிக்கிழமைகளில் அவர் வரும்போது, பீடத்துப் பூக்களைப் பற்றிப் பேசுமுன், கால் எப்படி இருக்கிறது என்று இப்போது கேட்கிறோம்.