பிறப்பும் பொறுப்பும்

பிறந்த வீட்டை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. ஆகவே அந்த வீடு திறந்துவிட்ட கதவுகளுக்கான பெருமையும் நமதல்ல. இந்தித் திரைப்பட நடிகர் சசி கபூர் 1938-இல் நடிகர் பிருத்விராஜ் கபூரின் கடைசி மகனாகப் பிறந்தார். ‘ஆவாரா’ படத்தில் (1951) அண்ணன் ராஜ் கபூரின் பாத்திரத்தைச் சிறுவனாக ஏற்று நடித்தார், மேடையைத் தந்தையின் நாடகக் குழுவிலேயே பழகினார். இவற்றில் எதையும் அவர் சம்பாதிக்கவில்லை. ஆனால் அதனால் அவர் வாழ்வு முழுவதுமே தற்செயல் என்பது அவசர முடிவு. ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் ஆள்வினையுடைமை என்னும் விடாமுயற்சிக்கும் ஒன்று வகுத்திருக்கிறார். வணிகப் படங்களில் ஈட்டியதை சசி கபூர் ‘ஜுனூன்’, ‘36 சௌரங்கி லேன்’, ‘உத்சவ்’ ஆகியவற்றைத் தயாரிப்பதில் போட்டார். ஊர் ஊராகச் சுற்றிய தந்தையின் குழுவுக்கு நிலையான அரங்கம் வாய்த்ததில்லை; 1978-இல் மனைவி ஜெனிபர் கெண்டலோடு சேர்ந்து மும்பை ஜுஹுவில் பிருத்வி தியேட்டரை எழுப்பினார்.

அந்தத் தாராளமும் வளர்ப்பின் கொடைதானே என்று கேட்கலாம். தந்தையும் சினிமாப் பணத்தை நாடகத்தில் கரைத்தவர்தான். ஆனால் வளர்ப்பு வழியைக் காட்டும், நடந்து தராது. வசதியான நட்சத்திர வாழ்வும் அவர் முன் திறந்தே கிடந்தது. கைப்பணம் போகும் வழியை அவரே தேர்ந்தார். இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு: அதே திறமையோடு பிறந்து, கதவே திறக்காதவர்களின் கணக்கை யார் தீர்ப்பது? சசி கபூரின் நற்செயல் அந்த அநீதியை அழிக்காது. என்றாலும், பெற்ற வாய்ப்பு ஒரு கடன் என்றால், அதைத் தந்தவருக்கு அல்ல, அது கிடைக்காதவருக்கே திருப்பித் தர வேண்டும். ஜுஹு அரங்கில் ஏறிய பலருக்குத் திரைக்குடும்பப் பெயர் கிடையாது.