கையுறையும் கைவிலங்கும்

கருவி ஒன்று கைக்கு இதமாக அமைய வேண்டும் என்பதை மறுப்பவர் எவருமிலர். மண்வெட்டியின் பிடி முதல் எழுதுகோலின் தடிப்பு வரை, கைக்கேற்றவாறு பொருளை ஆக்கிக்கொண்ட வரலாறு மனித உழைப்பின் வரலாற்றிலே ஒரு பெரும் பகுதியாகும். ஆயினும், இதமான கருவி அதனை அணிபவனுக்கு எப்பொழுதும் நன்மையே செய்கின்றதா? இக்கேள்வி இன்று பண்டகசாலைத் தொழிலாளியின் மணிக்கட்டிலே வந்து நிற்கின்றது.

பெட்டிகளிலும் உடைகளிலும் ஒட்டப்படும் றேடியோச் சிட்டைகளை நம்மிற் பலர் கண்டிருப்பர். மெல்லிய உலோக இழையும் நுண்ணிய சில்லும் கொண்ட இச்சிட்டைகளிற் பெரும்பாலானவற்றுக்கு மின்கலம் இல்லை. வாசிக்கும் கருவி அனுப்பும் அலையின் சக்தியையே பெற்று, அதனைக் கொண்டே தமது இலக்கத்தைத் திருப்பிச் சொல்கின்றன. அலையைத் திருப்பி அனுப்பிச் செய்தி உணர்த்தும் இத்தத்துவத்தை ஹரி ஸ்ரொக்மன் என்பார் 1948ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து எழுதினார். இச்சிட்டைகளையும், அவற்றுக்கு முற்பட்ட பட்டைக் குறிகளையும் வாசிப்பதற்குத் துப்பாக்கி வடிவிலான ஸ்கானர்கள் பயன்பட்டன, இன்றும் பயன்படுகின்றன. எடுத்தல், குறிபார்த்தல், விசையை அழுத்துதல், மீண்டும் வைத்தல் என நாள் முழுவதும் தொடரும் இச்செயலினால் மணிக்கட்டும் முன்கையும் நோகின்றன. ஆகவே கருவியைக் கையிலேயே அணிவித்துவிட்டால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. மோதிரமாகவும், காப்பாகவும், கையுறையாகவும் அது உருப்பெற்றது. ஜேர்மனியின் மியூனிக் நகரிலே 2014இல் தொடங்கிய புறோகிளவ் நிறுவனம், பட்டைக் குறியை வாசிக்கும் கையுறை ஒன்றை ஆக்கியது. பெருவிரலும் சுட்டுவிரலும் பொருந்தினாற் போதும், குறி வாசிக்கப்பட்டுவிடும்.

இத்தகைய கருவியை அமைப்பது எளிதன்று. எடை சில பத்துக் கிராமுக்குள் அடங்க வேண்டும். வார் தோலை அறுத்தலாகாது, வியர்வை தேங்குதலாகாது. இடக்கைப் பழக்கமுள்ளவர்க்கும், சிறிய கையுடைய பெண்களுக்கும் அது பொருந்த வேண்டும். மனித உடலில் நீர் மிகுந்திருப்பதால் உயர் அதிர்வெண் அலைகளைக் கை உறிஞ்சிக்கொள்ளும். அதற்கேற்பவே அலைவாங்கியை அமைத்தல் வேண்டும். இவற்றைத் தீர்க்கும் பொறியியலாளரின் உழைப்பு மதிப்புக்குரியது. இத்தாலிய மருத்துவர் றமற்சினி 1700ஆம் ஆண்டிலே தொழிலாளரின் நோய்களைப் பற்றி வெளியிட்ட நூலின் 1713ஆம் ஆண்டுப் பதிப்பிலே, ஓயாது எழுதும் எழுத்தரின் கைநோவையும் சேர்த்தார். நோயாளியிடம் 'உன் தொழில் யாது?' என்று வினவுமாறு மருத்துவருக்கு அறிவுறுத்தினார். கைநோவைத் தணிப்பவர் அந்த நன்மரபின் வழிவந்தவரே.

ஆனால் நோவு தணிந்தபின் நிகழ்வது யாது? ஒரு தொழிலாளி நாளொன்றுக்கு 1,000 தடவை சிட்டை வாசிக்கிறாள் எனக் கொள்வோம். கையுறையினால் ஒவ்வொரு தடவையும் 3 விநாடி மிஞ்சுகின்றது எனவும் கொள்வோம். நாள் முடிவிலே 3,000 விநாடிகள், அஃதாவது 50 நிமிடங்கள் மிஞ்சுகின்றன. அந்த 50 நிமிடங்கள் யாருக்குரியவை? அவள் இளைப்பாறுவதற்கா? முன்னதாக வீடு செல்வதற்கா? அன்றி மேலும் சில நூறு பெட்டிகளைத் தூக்குவதற்கா? பின்னதே நிகழுமாயின், மணிக்கட்டின் நோவு முதுகுக்கு இடம்மாறியது என்பதன்றி வேறென்ன சொல்வது?

இது புதிய கதையன்று. அமெரிக்காவிலே பிறெடெறிக் ரெயிலர் 1911இல் வெளியிட்ட நூலிலே, நாளொன்றுக்குப் பன்னிரண்டரைத் தொன் இரும்புப் பாளம் தூக்கிய தொழிலாளியை நாற்பத்தேழரைத் தொன் தூக்கச் செய்த வகையை விவரிக்கிறார். அதற்கு அவர் கையாண்ட வழி சவுக்கன்று, ஓய்வே. எப்பொழுது நிற்பது, எப்பொழுது நடப்பது என்பதெல்லாம் அளந்து கொடுக்கப்பட்டன. உழைப்பின் பயன் ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. கூலியோ 1.15 டொலரிலிருந்து 1.85 டொலராக மட்டுமே உயர்ந்தது. ஓய்வுங்கூட உற்பத்திப் பொறியின் ஓர் உறுப்பாகலாம் என்பதை அவருடைய எழுத்தே காட்டுகின்றது. கைக்கு இதமான கையுறையும் அவ்வாறாகலாம்.

இன்னுமொன்று உண்டு. ரெயிலரின் மேற்பார்வையாளன் கடிகாரத்துடன் அருகிலே நின்றான். அவனைத் தொழிலாளி கண்ணாற் கண்டான். இன்றோ கடிகாரமும் மேற்பார்வையாளனும் கருவிக்குள்ளேயே குடிபுகுந்துவிட்டனர். பிரான்சிலே அமேசன் கம்பனியின் பண்டகசாலைகளை விசாரித்த தரவுப் பாதுகாப்பு ஆணையம், 2023 டிசம்பரில் 3 கோடியே 20 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது. ஒரு பொருளை வாசித்து 1.25 விநாடிக்குள் மற்றொன்றை வாசித்தால் அதுவும் பதியப்பட்டது. ஸ்கானர் 10 நிமிடம் சும்மா இருந்தால் அதுவும் பதியப்பட்டது. விரைந்தாலும் குற்றம், தாமதித்தாலும் குற்றம். கம்பனி இத்தீர்ப்பை எதிர்த்து மேன்முறையீடு செய்தது. தீர்ப்பின் போக்கு எவ்வாறாயினும், கைக்கருவி கணக்கெழுதும் என்ற உண்மை மறையப்போவதில்லை.

'கருவி குற்றமற்றது; பயன்படுத்துவோனே பொறுப்பாளி' என்று சிலர் கூறுவர். இக்கூற்றிலே பாதி உண்மை உண்டு. அமெரிக்காவின் சியாற்றில் நகரிலிருந்த இன்ரெல் ஆய்வுகூடத்தார், றேடியோச் சிட்டையை வாசிக்கும் கையுறையையும் காப்பையும் பற்றி 2005இல் எழுதினர். தனித்து வாழும் முதியவர் தேநீர் தயாரித்தாரா, மருந்து உட்கொண்டாரா என்பதை அவர் தொட்ட பொருள்களைக் கொண்டு அறிவது அவ்வாராய்ச்சியின் நோக்கங்களுள் ஒன்று. பண்டகசாலையிலே வேவு பார்க்கும் அதே நுட்பம் இங்கே பரிவின் கருவியாகின்றது. எனினும், இங்குங்கூட முதியவரின் சம்மதம் பெறப்பட்டதா, அச்செய்தி யாரிடம் செல்கின்றது என்று கேட்டேயாக வேண்டும்.

மற்றப் பாதி உண்மை கருவியின் அமைப்பிலேயே கிடக்கின்றது. பெட்டி எங்கே இருக்கிறது என்பது பண்டகசாலைக்குத் தெரியவேண்டியதே. அதனை எந்தக் கை எந்த விநாடியிலே தொட்டது என்பதையும் அதன் பெயரிலே சேமித்துவைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அவ்வாறு சேமிப்பது ஒருவருடைய தீர்மானம். வாரின் அகலத்தைத் தீர்மானித்தவர்களின் மேசையிலேயே அதுவும் தீர்மானிக்கப்படுகின்றது. ஆகவே, தோலுக்கு மட்டும் இதம் தேடுகின்ற வடிவமைப்பாளர் தமது பணியிற் பாதியையே செய்தவராவார்.

இதனால் கையுறையைக் கழற்றி எறியுமாறு நாம் கூறவில்லை. நோகின்ற கைக்கு நோவே பெருமை என்று உபதேசிப்பவர் உழைப்பாளியின் நண்பரல்லர். நாம் கேட்பது வேறு. மிஞ்சும் நேரத்திலே தொழிலாளிக்குப் பங்கு வேண்டும். கருவி எழுதும் கணக்கை அவள் வாசிக்க முடிதல் வேண்டும். கருவியைச் சமைக்கும் மேசையிலே அவளுடைய சங்கத்துக்கும் ஓர் ஆசனம் வேண்டும். இவை ஆகாத காரியங்களல்ல. கலிபோர்னியா மாநிலம் 2021இல் இயற்றிய சட்டம், பண்டகசாலைத் தொழிலாளிக்கு விதிக்கப்படும் வேலையளவை எழுத்திலே தெரிவிக்குமாறு பணித்தது. உணவு வேளையையும் மலசலகூடம் செல்லும் நேரத்தையும் பறிக்கின்ற வேலையளவைத் தடுத்தது.

கை நோகாதிருப்பது நன்மையின் தொடக்கம் மட்டுமே. அந்தக் கை யாருடைய விருப்பின்படி அசைகின்றது, அதன் அசைவினால் விளைந்தது யாரைச் சேர்கின்றது என்ற வினாக்களுக்கு விடை காணும்வரை, அது அணிந்திருப்பது கையுறையா கைவிலங்கா என்று துணிந்து சொல்ல இயலாது.